வலையில் சிக்காத மேய்வோர்: நடுக்கடல் மிதவையுயிர்க் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நடுக்கடலில் வலையை இறக்கி, ஒரு கன மீட்டர் நீரில் இத்தனை விலங்கு மிதவையுயிர்கள் (நீரோட்டத்தோடு மிதந்து வாழும் சிறு விலங்குகள்) என்று எண்ணுவார்கள். அதே எண்ணைக் கொண்டு, தாவர மிதவையுயிர்களை, அதாவது கடலின் பயிரான மிதக்கும் நுண்பாசிகளை, அவை இவ்வளவு தின்கின்றன என்றும் எழுதிவிடுவார்கள். மாணவர்களின் ஆய்வேடுகளில் இந்த வழக்கம் இன்னும் ஓயவில்லை. மற்றத் தவறுகள் பலவும் இதிலிருந்தே கிளைக்கின்றன.

கரையோரத்தில் இந்தக் கணக்கு ஓரளவு தாங்கும். அங்கே டயாட்டம் என்ற பாசிவகை போன்ற பெரிய செல்கள் மிகுதி. கோப்பிபாடுகள் என்ற சிறு ஓட்டுடலிகள் அவற்றை நேராகப் பிடித்துத் தின்னும். நடுக்கடலில், குறிப்பாக வெப்பக் கடல்களில், தாவர மிதவையுயிர்களில் பெரும்பங்கு இரண்டு மைக்ரானுக்கும் சிறியவை. அவற்றில் ஒன்றான புரோகுளோரோகாக்கஸ் என்ற நுண்ணுயிர் சுமார் 0.6 மைக்ரான்தான். கோப்பிபாடின் வாயுறுப்புகளில் அது அகப்படாது. அதை மேய்பவை சிலியேட்டுகளும் சிறு கசையிழை உயிர்களும் போன்ற ஒற்றைச் செல் உயிர்கள். பல கடல்களில் செய்த சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தால், தாவர மிதவையுயிர்களின் அன்றாட உற்பத்தியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை இந்த நுண்மேய்வோரே தின்று தீர்க்கின்றன. வலையில் விழும் விலங்குகளின் பங்கு சராசரியாகப் பத்தில் ஒன்றை ஒட்டியே நிற்கிறது.

இதை உணரக் கடலியல் உலகத்துக்கே காலம் பிடித்தது. வட பசிபிக்கில், 50 பாகை வடக்கு, 145 பாகை மேற்கில் உள்ள பாப்பா என்ற ஆய்வு நிலையத்தில், மேற்பரப்பு நீரில் பயிருக்கு ஊட்டமான நைட்ரேட் தீர்வதே அரிது; இருந்தும் பயிரின் அளவைக் காட்டும் பச்சையம் பெருகுவதில்லை. நியோகலானஸ் என்ற பெரிய கோப்பிபாடுதான் காரணம் என்று நெடுங்காலம் நம்பினார்கள். அந்த நம்பிக்கைக்கு அடிப்படை இருந்தது. நியோகலானஸ் ஆழத்தில் முட்டையிடும்; குஞ்சுகள் வசந்தத்துக்கு முன்பே மேலே வந்துவிடும். பயிர் தளிர்க்கும்போதே மேய்வோர் காத்திருப்பதால் பெருக்கம் எழவில்லை என்றார்கள். 1980களில் அங்கே நடந்த, சூப்பர் (SUPER) என்ற திட்டத்தின் ஆய்வுப் பயணங்கள் நேராக அளந்து பார்த்தன. நியோகலானஸ் தின்ற தாவர மிதவையுயிர் மிகக் குறைவு. அது சிலியேட்டுகளையே நிறைய தின்றது; பயிரை அடக்கி வைத்திருந்தவை நுண்மேய்வோர். பெரிய டயாட்டங்கள் தழைக்காததற்கு இரும்புப் பற்றாக்குறை காரணம் என்பதை 1988இல் கடலியலாளர்கள் ஜான் மார்ட்டினும் ஃபிட்ஸ்வாட்டரும் முன்வைத்தார்கள். 2002இல் அந்தப் பகுதியில் இரும்பைக் கரைத்துவிட்டபோது டயாட்டங்கள் பெருகின. வலை நிறைய நியோகலானஸ் வந்தது என்னவோ உண்மை. அதிலிருந்து பெற்ற விளக்கம்தான் பிழை.

எண்ணிக்கையை மட்டும் எடுத்துக்கொண்டாலும் சறுக்கும் இடங்கள் உண்டு. முதலில் பார்க்க வேண்டியது வலையின் கண்ணி, அதாவது அதன் துளையின் அளவு. 1960களின் பன்னாட்டு இந்தியப் பெருங்கடல் ஆய்வில் 330 மைக்ரான் கண்ணி கொண்ட பொது வலையை 200 மீட்டரிலிருந்து மேற்பரப்பு வரை இழுத்தார்கள். மாதிரிகள் கொச்சிக்கு வந்து வகை பிரிக்கப்பட்டன. அந்த எண்களையும் பின்னாளில் 200 மைக்ரான் வலையில் கிடைத்த எண்களையும் அருகருகே வைத்து, "விலங்கு மிதவையுயிர் பெருகிவிட்டது" என்று சொல்லவே கூடாது. சிறு கண்ணியில் ஆய்தோனா போன்ற சிறிய கோப்பிபாடுகள் கூடுதலாகத் தங்கும். 200 மைக்ரானிலும் இளங்குஞ்சுகள் பெருமளவில் நழுவிவிடும். வலை வாயில் நீரளவி (உள்ளே போகும் நீரை அளக்கும் கருவி) இல்லாமல், கயிற்றின் நீளத்தை வைத்து வடிகட்டிய நீரைக் கணக்கிடுவதும் ஆபத்து. கண்ணி அடைத்துக்கொண்டால் கணக்கில் காட்டிய நீர் வலைக்குள் போயிருக்காது. ரேடியோலேரியா என்ற ஒற்றைச் செல் உயிர்களும், ஜெல்லி போன்ற உடல் கொண்ட இழுதுயிர்களும் வலையிலேயே சிதைந்துவிடும். நீருக்கடியில் படமெடுக்கும் கருவிகள் வந்த பிறகே அவை எவ்வளவு மிகுதி என்று தெரிந்தது.

பகலில் எடுத்த மாதிரியை இரவு மாதிரியோடு ஒப்பிடுவது அடுத்த பிழை. பல கோப்பிபாடுகளும் கூனிவகைகளும் இரவில் மேலேறி மேய்ந்து, விடியுமுன் இறங்கிவிடுகின்றன. அரபிக் கடலில் இது இன்னும் சிக்கலானது. அங்கே சுமார் 150 மீட்டருக்குக் கீழே ஆக்சிஜன் அற்றுப்போகிறது. பெரும்பாலான விலங்குகள் அதற்கு மேலேயே நெருக்கியடித்து வாழ, புளூரோமாமா இண்டிகா என்ற கோப்பிபாடு போன்ற சில மட்டும் அந்த அடுக்குக்குள் இறங்கி ஏறுகின்றன.

அதே அரபிக் கடலில், பயிர் மிகவும் குறையும் பருவங்களிலும் மேலடுக்கின் விலங்கு மிதவையுயிர் நிறை பெரிதாகக் குறையவில்லை என்று 1990களில் இந்திய ஆய்வாளர்கள் காட்டினார்கள். அரபிக் கடல் புதிர் என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது. பாக்டீரியா, சிலியேட் வழியே வரும் உணவுதான் அந்த மாதங்களில் விலங்குகளைத் தாங்குகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். பச்சையம் குறைவு, ஆகவே உணவும் மேய்ச்சலும் குறைவு என்று எழுதும் முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள். அலமாரியில் சரக்கு குறைவாக இருப்பது விற்பனை இல்லாததாலும் இருக்கலாம், வந்தவுடன் விற்றுப்போவதாலும் இருக்கலாம். இருப்பு வேறு, வரத்து வேறு.

மேய்ச்சலை நேராக அளக்கும் வழிகளுக்கு வருவோம். 1982இல் லாண்ட்ரியும் ஹாசெட்டும் முன்வைத்த நீர்த்தல் முறை எளிமையானது. கடல்நீரின் ஒரு பகுதியை 0.2 மைக்ரான் வடிகட்டியில் வடித்து, வடிக்காத நீரோடு பல விகிதங்களில் கலந்து, 24 மணி நேரம் பாட்டில்களில் வைக்கிறோம். நீர்த்த பாட்டிலில் மேய்வோரும் இரையும் சந்திப்பது குறையும். பயிரின் நிகர வளர்ச்சி கூடித் தெரியும். கலப்பு விகிதத்துக்கு எதிராக வளர்ச்சியை வரைந்தால் வரும் கோட்டின் சாய்விலிருந்து மேய்ச்சல் விகிதம் கிடைக்கிறது.

கெடுவதெல்லாம் கைவேலையில்தான். நீரை மேலிருந்து கொட்டினால் குமிழிகளில் அடிபட்டே சிலியேட்டுகள் உடைந்துபோகும். சிலிகோன் குழாயின் நுனியை நீருக்குள் வைத்து மெதுவாக இறக்க வேண்டும். அமிலத்தில் கழுவாத பாட்டிலும், வழியில் ரப்பர் படுவதும் செல்களைக் கொல்லும். ஊட்டச்சத்து சேர்க்காமல் விட்டால், மேய்வோர் கழிவு குறைந்த நீர்த்த பாட்டிலில் பயிர் பசியில் வாடும். எல்லாப் பாட்டிலிலும் வளர்ச்சி விகிதம் ஒன்றே என்ற அடிப்படை உடையும். ஊட்டம் சேர்க்காத பாட்டில்களையும் உடன் வையுங்கள், கடலின் உண்மை வளர்ச்சியை அவைதான் காட்டும். நீர் எடுத்த ஆழத்தின் வெளிச்சத்துக்கு ஏற்பத் திரை போடாவிட்டால் செல்கள் தங்கள் பச்சையத்தையே குறைத்துக்கொள்ளும். செல் குறையாதபோதும் பயிரின் வளர்ச்சி குறைந்ததுபோல் தோன்றும். பச்சையம் செல்லின் எண்ணிக்கையும் அல்ல, எடையும் அல்ல. முடிந்தவரை செல்களையும் எண்ணிப் பாருங்கள்.

கோப்பிபாடின் குடலில் உள்ள நிறமியை அளக்கும் முறையில் வேகம்தான் எல்லாம். வெதுநீரில் குடல் விரைவில் காலியாகும். வலை மேலே வந்ததும் வடித்து, வெளிச்சம் படாமல் திரவ நைட்ரஜனில் போட வேண்டும். குடல் காலியாகும் விகிதத்தைக் குளிர்கடல் கட்டுரையிலிருந்து கடன் வாங்கி வெப்பக் கடலுக்குப் போடுவது தவறு. நிறமியில் ஒரு பகுதி குடலிலேயே நிறமற்றுப் போகிறது என்பதால் கிடைக்கும் எண் குறைமதிப்பாகவும் இருக்கலாம். மேலும், தின்ற சிலியேட் இந்த அளவில் பெரும்பாலும் பதிவதே இல்லை.

கடைசியாக ஒன்று. கோப்பிபாடுகளைப் பாட்டிலில் இட்டு மேய்ச்சலை அளக்கும்போது சில சமயம் விடை எதிர்மறையாக வரும். கோப்பிபாடு உள்ள பாட்டிலில் பயிர் கூடியிருக்கும். சோதனை பிசகிவிட்டது என்று அந்த எண்ணைத் தூக்கி எறிவதும், பூஜ்யம் என்று திருத்துவதும் நடக்கிறது. அந்த எண்ணை அப்படியே அட்டவணையில் வையுங்கள். கோப்பிபாடு சிலியேட்டுகளைத் தின்றுவிட்டது, சிலியேட்டுகள் மேய்ந்திருக்க வேண்டிய சிறு செல்கள் தப்பித்துப் பெருகின என்பதே அதற்குப் பெரும்பாலும் பொருள். தொடக்கத்திலும் முடிவிலும் சிலியேட்டுகளை எண்ணிவைத்திருந்தால் அதைச் சரிபார்க்கவும் முடியும். அதற்காக ஒவ்வொரு பாட்டிலிலிருந்தும் ஒரு பங்கு நீரை லூகோல் கரைசலில் (செல்கள் கெடாமல் காக்கும் அயோடின் கரைசல்) எடுத்துவைத்தால் போதும்.