முட்டத்தில் சூரிய அஸ்தமனம் காண்பதற்கு

அஸ்தமனம் காணக் கன்னியாகுமரிக்குச் செல்வோரில் பலர், மே முதல் ஜூலை வரை சூரியன் கடலில் இறங்காமல் கரைக்கு மேலேயே மறைவதைக் கண்டு ஏமாந்து திரும்புகிறார்கள். சூரியன் மறையும் இடம் நேர் மேற்கிலிருந்து டிசம்பரில் தெற்கேயும் ஜூனில் வடக்கேயும் ஏறத்தாழ 23 பாகை விலகுகிறது. குமரி முனையிலிருந்து கரை பெரும்பாலும் மேற்கு நோக்கியே செல்வதால், வடக்கே ஒதுங்கிய சூரியனுக்குக் கீழே அப்போது நிலம்தான் இருக்கும். நாகர்கோவிலிலிருந்து சுமார் 16 கி.மீ. தொலைவிலுள்ள முட்டத்தில் கரை வடமேற்காகத் திரும்பிவிடுகிறது. ஆகவே அஸ்தமனத்தை மட்டும் நாடுவோருக்கு முட்டமே பொருத்தமான ஊர் என்பது என் கருத்து.

மாதத்தைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் தேவை. ஜூன், ஜூலையில் தென்மேற்குப் பருவமழை மேகம் அடிவானத்தை மூடிவிடக்கூடும். டிசம்பர் இறுதியிலிருந்து மார்ச் வரை வானம் பெரும்பாலும் தெளிவாக இருக்கும். நவம்பரில் ஆறு மணியை ஒட்டியும் ஜூலைத் தொடக்கத்தில் 6.40 மணியளவிலும் சூரியன் மறைகிறது. எந்த மாதமானாலும் ஒரு மணி நேரம் முன்னதாகவே சென்றுவிடுவது நல்லது. ஏனெனில் இவ்வூரின் அழகில் பாதி செம்மண் மேடுகளில் இருக்கிறது. நண்பகலில் சாதாரணமாகத் தெரியும் அந்தத் தேரி மண், வெயில் சாயச் சாயச் செங்கல் நிறத்திலிருந்து குங்கும நிறத்துக்கு ஏறுவதையும், மழைநீர் அறுத்த ஓடைகளில் நிழல் நீள்வதையும் நின்று பார்க்க வேண்டும். கலங்கரை விளக்கத்தையும் வெளிச்சம் இருக்கும்போதே பார்த்துவிடலாம்.

பிறகு பாறைகள் உள்ள பகுதிக்கு வந்து, கடலை மறைக்காத உயரமான இடமாகப் பார்த்து அமர்ந்துகொள்ளுங்கள். சூரியனின் அடிவிளிம்பு நீர்க்கோட்டைத் தொட்டதிலிருந்து முழுவதும் மறைய இரண்டு நிமிடங்களுக்குச் சற்றுக் கூடுதலாகவே ஆகும். நிலநடுக்கோட்டுக்கு அருகில் சூரியன் ஏறக்குறையச் செங்குத்தாக இறங்குவதே இந்த வேகத்துக்குக் காரணம். காற்று ஒளியை வளைப்பதால் வட்டம் அடியில் நசுங்கித் தெரிவதைக் கைப்பேசித் திரையில் தேடாமல் கண்ணாலேயே கவனியுங்கள். அதற்குமுன், வெளிச்சம் கண் கூசாத அளவுக்குத் தணியும்வரை, சூரியனை நேராகப் பார்க்க வேண்டாம். மறைந்தவுடன் எழுந்துவிடவும் கூடாது. அடுத்த இருபது நிமிடங்களில்தான் மேகங்களின் அடிப்பகுதி சிவந்து, பல நாட்களில் அஸ்தமனத்தையே மிஞ்சிவிடுகிறது.

முட்டத்தின் கடல் குளிப்பதற்கு ஏற்றதன்று. ஈரமான பாறையும் பாசி படிந்த பாறையும் வழுக்கும். தொலைதூரப் புயல்களால் எழும் பேரலைகள், உள்ளூரில் காற்றே இல்லாத நாளிலும் திடீரெனக் கரையேறுவதுண்டு. மீனவர்கள் இதைக் கள்ளக்கடல் என்பார்கள். கள்ளக்கடல் எச்சரிக்கை வெளியான நாளில் பாறைப் பக்கமே செல்லாமல், செம்மண் மேட்டிலிருந்தே பார்த்துவிட்டு வாருங்கள்.