கெர்னல் பிழையைக் கையாண்டு அறிவிக்கும் முறை
லினக்ஸ் இயங்குதளத்தின் மையப்பகுதியான கெர்னல் தன்னுள்ளே பிழையொன்றைக் கண்டால், பாதிப்பு ஒரு செயல்முறையோடு (இயங்கிக்கொண்டிருக்கும் நிரலோடு) நிற்கக்கூடியதாயின் ‘ஊப்ஸ்’ செய்தியைப் பதிந்து அச்செயல்முறையை நிறுத்திவிட்டுத் தொடர்ந்து இயங்க முயல்கிறது. மீள வழியில்லையெனில் ‘பேனிக்’ நிலைக்குச் சென்று முழுவதுமாக நின்றுவிடுகிறது. ஊப்ஸுக்குப் பின் கணினி நன்றாக இயங்குவதுபோலத் தோன்றினாலும், அச்செயல்முறை பிடித்திருந்த பூட்டுகள் (பொதுத் தரவை ஒரே நேரத்தில் பலர் மாற்றாமல் தடுப்பவை) விடுபடாமல் இருக்கலாம் என்பதால், கெர்னல் பதிவை உடனே வேறிடத்தில் சேமித்துவிட்டு மறுதொடக்கம் செய்யுங்கள். பல ஊப்ஸ்கள் இருந்தால் முதலாவதையே ஆராய வேண்டும். பிந்தையவை பெரும்பாலும் அதன் விளைவுகளே. பேனிக்கின்போது கெர்னல் பதிவு வட்டில் எழுதப்படாமலே போகலாம். எனவே, அப்போதைய நினைவகத்தின் நகலைச் சேமிக்கும் வசதியான கேடம்ப்பை (kdump) முன்கூட்டியே அமைத்திருப்பது நல்லது.

கெர்னல் உருவாக்குநர்களுக்கு அனுப்பும் பிழை அறிக்கையில் கெர்னல் பதிப்பு, செய்தியின் முழு உரை, பிழையை மீண்டும் வரவழைக்கும் வழி ஆகியவை வேண்டும் (திரையின் புகைப்படம் கடைசி வழியே). செய்தியில் ‘டெயின்டட்’ குறி (கெர்னலில் வெளி மாட்யூல் போன்றவை கலந்திருக்கலாம் என்பதைக் காட்டுவது) இருந்தால், வெளி மாட்யூல்கள் (கெர்னலோடு வராத, தனியாகச் சேர்க்கப்பட்ட நிரல்பகுதிகள்) இல்லாமல் சோதித்த பிறகே அனுப்புங்கள்.