மாரிக்கு முன் கோல்ட் எயார் இன்டேக்கில் செய்ய வேண்டிய வேலை

ஐப்பசி பிறந்தால் திருகோணமலையில் மழை பிடித்துவிடும், தை வரை லேசில் விடாது. கோல்ட் எயார் இன்டேக், அதாவது எஞ்சினின் சூடு படாத இடத்திலிருந்து காற்றை இழுக்கும் பைப்பும் ஃபில்டரும், பூட்டிய காருக்கு இந்த மாதங்கள்தான் கண்டம். குளிர்ந்த காற்று வேண்டும் என்று ஃபில்டரை மட்கார்ட்டுக்குள் கீழே இறக்கி வைத்திருக்கிறோம். அது தண்ணீரை உறிஞ்சினால் நேரே சிலிண்டருக்குள் போகும். காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. பிஸ்டனைத் தள்ளும் கொனெக்டிங் ரொட் வளைந்தால் எஞ்சினைப் பிரிக்க வேண்டியதுதான்.

பம்பர் கழற்றுவது, ஜக் வைப்பது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: உயரம்

இதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். காரைச் சமதரையில் நிறுத்தி, தரையிலிருந்து ஃபில்டரின் அடிவிளிம்பு வரை அளந்து பாருங்கள். ஃபில்டர் முழுதாக மூழ்க வேண்டியதில்லை, அடிப்பாகம் நனைந்தாலே உறிஞ்சத் தொடங்கலாம். அந்த உயரத்தில் பம்பரில் ஒரு துண்டு டேப் ஒட்டுங்கள். அதற்காக டேப் வரை தண்ணீர் வரலாம் என்று கணக்குப் போடக்கூடாது. கார் நகரும்போது முன்னால் அலை எழும்பும், எதிரே பஸ் வந்தால் இன்னும் ஏறும். அளந்ததில் பாதிதான் என் எல்லை. உப்புவெளிப் பக்கம் வீதியில் வெள்ளம் நின்றால், முன்னால் போகிற ஓட்டோவின் சில்லு எவ்வளவு மறைகிறது என்று பார்த்துவிட்டுத்தான் இறக்குவேன்.

படி 2: உள் மட்கார்ட்

இன்டேக் பூட்டும்போது கழற்றிய பிளாஸ்டிக் மறைப்பைப் பல கராஜ்களில் திருப்பிப் போடுவதில்லை. ரயர் அடிக்கும் தண்ணீர் முழுக்க ஃபில்டரில்தான் விழும். மறைப்பைப் போட்டு, உடைந்த கிளிப்களை மாற்றுங்கள்.

படி 3: உறை

ஃபில்டரின் அளவுக்கேற்ற, தண்ணீர் ஒட்டாத பொலியெஸ்டர் உறை வாங்குங்கள். பொலித்தீன் பை கட்டினால் எஞ்சினுக்கு மூச்சு முட்டும். உறை தடுப்பது தெறிக்கிற தண்ணீரை மட்டும்தான். மூழ்கினால் அதுவும் கைவிட்டுவிடும்.

படி 4: குட்டைப் பைப்

உங்கள் இன்டேக் இரண்டு துண்டாக இருந்தால் மாரி முடியும்வரை கீழ்த்துண்டைக் கழற்றிவிட்டு, ஃபில்டரை மேலே போனட்டுக்குள் பூட்டுங்கள். காற்று கொஞ்சம் சூடாகத்தான் வரும், பரவாயில்லை. உள்ளே போகும் காற்றை அளக்கும் எயார் ஃப்ளோ சென்சரும், எஞ்சினிலிருந்து வரும் பிரீதர் ஹோஸும் பழைய இடத்திலேயே இருக்க வேண்டும். கிளாம்ப் வாங்கும்போது ஸ்டெயின்லெஸ் கேளுங்கள், நம் ஊர்க் கடல்காற்றில் மற்றது துருப்பிடித்து இறுகிவிடும். ஸ்குரூ டிரைவரை விட 8 மில்லிமீற்றர் சொக்கட்தான் எனக்குப் பிடிக்கும், வழுக்காது.

ஃபில்டர் மூழ்கினால் வேறு வழியாகக் காற்றை உள்ளே விடும் பைபாஸ் வால்வு பூட்டலாமா என்றால், ரர்போ எஞ்சினுக்குச் சரிவராது. மற்றவற்றில் பூட்டினாலும் வால்வு தண்ணீர் மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும்.

பிற்சேர்க்கை: கிண்ணியாவிலிருந்து ஒருவர் ஹைபிரிட் பற்றிக் கேட்டிருந்தார். அதில் கவனம்: ‘ரெடி’ விளக்கு எரிந்தால், சத்தம் இல்லாவிட்டாலும் எஞ்சின் தானாகவே ஸ்டார்ட் ஆகலாம். தண்ணீருக்குள் நின்றுவிட்டால் பவரை முழுதாக நிறுத்துங்கள்.

எந்தக் கார் என்றாலும், வெள்ளத்தில் நின்றபின் இன்னொருமுறை ஸ்டார்ட் அடித்துப் பார்க்காதீர்கள். தள்ளி மேட்டுக்குக் கொண்டுபோய் முதலில் ஃபில்டரைத் தொட்டுப் பாருங்கள். ஈரமாக இருந்தால் பிளக்குகளைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றும்வரை சாவியைத் தொட வேண்டாம். ஒயில் பால்தேநீர் நிறத்தில் இருந்தால் அதையும் மாற்ற வேண்டும்.