குவாசர் ஒளியில் வாயு தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தருமபுரியில் ஞாயிறு காலைகளில் கல்லூரிப் பிள்ளைகள் சிலரோடு உட்கார்ந்து குவாசர் நிறமாலைகளைப் பார்ப்பது என் வழக்கம். குவாசர் என்பது வெகுதொலைவில் உள்ள ஒரு விண்மீன் மண்டலத்தின் கடும் ஒளி வீசும் மையம். அதன் ஒளி எந்த அலைநீளத்தில் எவ்வளவு என்று காட்டும் வரைபடம்தான் நிறமாலை. ஸ்லோன் வான ஆய்வின் தரவு யாருக்கும் இலவசம். அச்செடுத்துக்கொண்டால் பென்சிலும் கால்குலேட்டரும் போதும். ஆயிரம் கோடி ஆண்டுகளுக்கும் மேலாகப் பயணம் செய்து வரும் ஒளியில், வழியில் உள்ள ஹைட்ரஜன் தனக்குரிய நிறத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும். அந்த இடத்தில் பள்ளம் விழும். பள்ளம் யாருடையது என்று சொல்வதில்தான் தவறுகள் நடக்கின்றன.

முதல் தவறு, மனப்பாடம் செய்த எண்ணை நம்புவது. போன மாதம் ஒரு மாணவி 486 நானோமீட்டரில் இருந்த உயரமான மேட்டின் மேல் ‘எச் பீட்டா’ (ஹைட்ரஜனின் நிறமாலைக் கோடுகளில் ஒன்று) என்று எழுதினாள். ஆய்வகத்தில் எச் பீட்டா 486.1 தான், சரி. ஆனால் அந்தக் குவாசரின் செம்பெயர்ச்சி 3. பிரபஞ்சம் விரிவதால் ஒளியின் அலைநீளம் எவ்வளவு நீண்டது என்பதைச் சொல்லும் எண் அது; அதோடு ஒன்றைக் கூட்டினால் எத்தனை மடங்கு என்று கிடைக்கும். புற ஊதாவில் 121.6-ல் பிறந்த லைமன் ஆல்ஃபா என்ற வேறொரு ஹைட்ரஜன் கோடு நான்கு மடங்காக நீண்டு அதே இடத்துக்கு வந்திருந்தது. எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு கோட்டை வைத்து முடிவு செய்யக் கூடாது. அடுத்த பெரிய மேடு 620-ஐ ஒட்டி இருந்தது. 620-ஐ 486-ஆல் வகுத்தால் 1.27. கார்பனின் 154.9-ஐ 121.6-ஆல் வகுத்தாலும் 1.27. அலைநீளம் நீளும், விகிதம் மாறாது. 1963-ல் வானியலாளர் மார்ட்டின் ஷ்மித் 3சி 273 என்ற குவாசரின் புரியாத கோடுகளை ஹைட்ரஜன் என்று அடையாளம் கண்டதும் கோடுகளின் வரிசையை வைத்துத்தான்.

மேட்டுக்கு இடப்பக்கம், நீல ஓரத்தில், சீப்புப் பல் போல நெருங்கி நிற்கும் பள்ளங்கள்தான் லைமன் ஆல்ஃபா காடு. வழியில் உள்ள வாயு லைமன் ஆல்ஃபா நிறத்தை எடுத்துக்கொண்ட இடங்கள் அவை. 425.5-ல் ஒரு பள்ளம் என்றால் அந்த வாயுவின் செம்பெயர்ச்சி 2.5. இந்தக் கணக்கை வலப்பக்கப் பள்ளங்களுக்கும் போடாதீர்கள். குவாசருக்கு முன்னால் உள்ள வாயுவின் லைமன் ஆல்ஃபா அங்கே வர வழியில்லை. அங்கே கார்பன், மக்னீசியம் போன்றவற்றை ஜோடிக் கோடுகளாகத் தேடுங்கள். இடப்பக்கத்திலும், இந்தக் குவாசரில் 410-க்குக் கீழே போனால், ஹைட்ரஜனின் இன்னொரு கோடான லைமன் பீட்டா கலந்துவிடும். தொடக்கத்தில் அந்தப் பகுதியை விட்டுவிடுவது நல்லது.

760-ல் தெரியும் பள்ளம் நம் தலைக்கு மேலே உள்ள ஆக்சிஜன். அதற்குச் செம்பெயர்ச்சி கணக்கிட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம்.

அடுத்த தவறு, பள்ளத்தின் ஆழத்தை வைத்து வாயுவின் அளவு சொல்வது. மார்கழி விடியலில் தளி சாலையில் எதிரே வரும் லாரியின் விளக்கு மூடுபனியில் அடியோடு மறைந்துவிடும். பனி இன்னும் இரு மடங்கு அடர்ந்தாலும் நம் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. பூஜ்யத்தைத் தொட்ட பள்ளமும் அப்படித்தான். அதே வாயுவின் வலுக்குறைந்த லைமன் பீட்டாவைப் பார்த்தால்தான் அளவு பிடிபடும். காட்டின் மேல் நுனிகளைத் தொட்டு அடிப்படைக் கோடு (வாயு எதையும் எடுக்காவிட்டால் ஒளி இருந்திருக்கும் அளவு) வரைவதும் இதே வகைத் தவறு. நெருங்கிய கோடுகளைப் பிரித்துக் காட்டும் திறன் குறைந்த தரவில் உண்மையான அடிப்படைக் கோடு அந்த நுனிகளுக்கும் மேலே இருக்கும். தாழ்வாக வரைந்தால் வாயு குறைவாகக் கணக்காகும்.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. இந்தப் பள்ளங்கள் காட்டுவது எலக்ட்ரானை இழக்காத ஹைட்ரஜனை மட்டும். செம்பெயர்ச்சி 3 அளவில், விண்மீன் மண்டலங்களுக்கு இடையே அது ஏறத்தாழ லட்சத்தில் ஒரு பங்குதான். மற்றதெல்லாம் அயனியாகி, இந்த ஒளிக்குத் தெரியாமல் நிற்கிறது. ‘மேகம்’ என்ற சொல்லும் நம்மை ஏமாற்றும். தனித்தனி உருண்டைகள் என்று நினைத்துவிடுகிறோம். பெரும்பாலும் அது வலை போல் தொடர்ந்து பரவிய வாயுவின் அடர்ந்த இடங்கள்.

அதனால் பள்ளம் குறைந்த இடத்தில் வாயு இல்லை என்று எழுதிவிடாதீர்கள். குவாசருக்கு அருகே பற்கள் குறைவதற்குக் காரணம், அதன் கடும் புற ஊதா ஒளி அங்குள்ள ஹைட்ரஜனை அயனியாக்கிவிடுவது. அந்த மாணவி இப்போது மேட்டை ஒட்டிய பகுதியைப் பென்சிலால் கட்டம் போட்டு ஒதுக்கிய பிறகே பள்ளங்களை எண்ணத் தொடங்குகிறாள்.