விலை பேசுவதற்கு முன் புளோக்கைப் பாருங்கள்

சிங்கப்பூரில் மறுவிற்பனை வீடு தேடும் பிள்ளைகள் ஆலோசனைக்கு வந்தால், அந்த வீட்டை உங்களுக்கு விற்கக்கூடியவர்கள் எத்தனை பேர், அதற்கு உங்களோடு போட்டி போடக்கூடியவர்கள் எத்தனை பேர் என்றுதான் முதலில் கேட்பேன். விலை அங்கேதான் பிறக்கிறது.

முதலில் வட்டாரத்தின் வரத்தைப் பாருங்கள். புதிய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு வாங்கியவர் குறைந்தது ஐந்தாண்டு குடியிருந்த பிறகே விற்க முடியும். 2020இல் கொவிட் கட்டுமானத்தை முடக்கியதும், முன்பதிவுக்குப் பிறகு கட்டப்படும் பிடிஓ வீட்டுக்குக் காத்திருக்க முடியாத குடும்பங்கள் மறுவிற்பனைப் பக்கம் திரும்பின. மறுவிற்பனை விலைக் குறியீடு 2021இல் 12.7 விழுக்காடும் 2022இல் 10.4 விழுக்காடும் ஏறியது. அப்போது முடியாமல் போன வீடுகளின் குறை, 2025இல் ஐந்தாண்டை எட்டிய வீடுகள் குறைந்தபோது மறுபடி தெரிந்தது. ஆகவே நீங்கள் விரும்பும் பேட்டையில் (அக்கம்பக்க புளோக்குகள் சேர்ந்த குடியிருப்புப் பகுதியில்) பெரிய திட்டம் ஒன்று விரைவில் ஐந்தாண்டை எட்டுமா என்று விசாரியுங்கள். எட்டும் என்றால், அவசரம் இல்லாதவர்கள் காத்திருக்கலாம். ஒரே மாதிரி வீட்டைப் பலர் விற்க வரும்போது பேரம் பேச இடம் கிடைக்கும்.

அடுத்தது, நம் இந்தியர் பலர் கடைசியில் பார்ப்பது: இன ஒதுக்கீடு. ஓர் அடுக்குமாடி புளோக்கிலும் பேட்டையிலும் ஒவ்வோர் இனத்தவரும் எத்தனை விழுக்காடு வீடுகள் வைத்திருக்கலாம் என்று வரம்பு கட்டும் இந்தக் கொள்கை 1989 முதல் நடப்பில் உள்ளது. இந்தியர், பிற இனத்தவருக்கான வரம்பு ஒரு புளோக்கில் 15 விழுக்காடு, பேட்டையில் 12 விழுக்காடு. வரம்பு நிரம்பிய புளோக்கில் சீனரோ மலாய்க்காரரோ உங்களுக்கு விற்க முடியாது. இந்தியர் அல்லது பிற இனத்தவரிடம்தான் வாங்க வேண்டும். அங்கே விற்கும் வீடு பத்து இருந்தாலும் உங்களுக்கு இருப்பது ஒன்றோ இரண்டோதான். அதை அறிந்தவர் விலையை இறக்க மாட்டார். என் அக்கா மகன் தெம்பனீசில் ஆசைப்பட்ட நான்கறை வீட்டுக்கு இதுதான் நேர்ந்தது. பேட்டை வரம்பு இன்னும் நிரம்பாததால் இரண்டு புளோக் தள்ளிப் பார்க்கச் சொன்னேன். அங்கே அவன் தேர்வு செய்ய வீடுகள் இருந்தன.

இதன் மறுபக்கமும் உண்டு. சீனர் வரம்பு நிரம்பிய புளோக்கில் இந்தியர் ஒருவர் விற்றால், நாட்டின் பெரும்பான்மையினர் அதை வாங்க முடியாது. கேட்பவர் குறைவதால் விலையும் தணியும். வாங்குகிற உங்களுக்கு அது நல்லதுதான்; ஆனால் நாளை நீங்கள் விற்கும்போதும் அதே கதவு அடைபட்டிருக்கலாம். அதையும் எண்ணியே விலை சொல்லுங்கள். ஒதுக்கீட்டு நிலவரம் மாதத்தின் முதல் நாளில் மாறும். கழகத்தின் இணையத்தளத்தில் அன்றே பாருங்கள்.

பிறகு அதே தெருவில், அதே அளவில், ஏறத்தாழ அதே குத்தகை மீதமுள்ள வீடுகள் என்ன விலைக்குக் கைமாறின என்பதைக் கழகத்தின் பதிவில் எடுத்து ஒப்பிடுங்கள். விளம்பரத்தில் போடும் விலை விற்பவரின் ஆசை மட்டுமே.

கடைசியாக ரொக்கம். விற்பவரும் நீங்களும் விலையை முடிவு செய்து, அந்த வீட்டை வாங்கும் உரிமைப் பத்திரத்தை அவர் உங்களுக்குக் கொடுத்த பிறகுதான் கழகத்திடம் வீட்டின் மதிப்பு கேட்க முடியும். கடனும் மசேநிதியும் (மத்திய சேமநிதி) அந்த மதிப்புவரைதான் உதவும். அதற்கு மேலான தொகையைக் கையிலிருந்து கொடுக்க வேண்டும். அந்தப் பணம் வங்கியில் இல்லையென்றால் கையெழுத்துப் போடாதீர்கள்.