தினக்கூலியிலிருந்து பதிவுள்ள வேலைக்கு

தினக்கூலிக்குப் போகும் இளைஞர்களைப் பதிவுள்ள வேலையில், அதாவது பணி ஆணையும் மாதச் சம்பளமும் காப்பீடும் உள்ள வேலையில், சேர்த்துவிட உதவுபவர்களுக்கு இது. மூன்று வருஷம் வெல்டிங் பட்டறையில் நின்ற பையனிடம் அனுபவம் இருக்கும். அதைக் காட்ட ஒரு தாள்கூட இருக்காது. அங்கிருந்தே தொடங்குங்கள். எந்த மாதம், எந்தப் பட்டறை, என்ன வேலை, எவ்வளவு கூலி என்று ஒரு நோட்டில் எழுத வையுங்கள். முடித்த வேலைகளைப் போட்டோ எடுக்கட்டும். இவை, கைத்தொழில் திறனைச் சோதித்துச் சான்றிதழ் தரும் திறன் தேர்வுக்குப் போகும்போது கைகொடுக்கும்.

அடையாள அட்டை, பள்ளிச் சான்றிதழ், வங்கிக் கணக்கு மூன்றிலும் பெயரும் பிறந்த தேதியும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். இனிஷியல் முன்பின் மாறினாலே சம்பளமும் காப்பீட்டுப் பதிவும் சிக்கிக்கொள்ளும். வேலை தேடும் முன்பே திருத்திவிடுங்கள்.

பணி ஆணையில் சம்பளம், வேலை நேரம், விடுப்பு, பிடித்தம் எழுத்தில் இருக்கட்டும்.

பலர் புது வேலையை விட்டு நின்றுவிடுவது முதல் மாதத்தில்தான். சோம்பல் அல்ல காரணம். அன்றாடம் கூலி வாங்கிப் பழகியவரிடம் முப்பது நாள் காத்திருக்கப் பணம் இல்லை. பதிவில்லாத வேலையிலிருந்து பதிவுள்ள வேலைக்கு மாறும் காலத்தில், ஏற்கெனவே இருக்கும் பிழைப்பு கெடக்கூடாது என்பது சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 2015ஆம் ஆண்டுப் பரிந்துரை 204 சொல்லும் நெறி. எனவே ஒரு மாதச் சாப்பாட்டுக்கும் பஸ்ஸுக்கும் முன்பணம் கேட்டு வாங்கிக் கொடுங்கள். பிடித்தம் போகக் கைக்கு வரும் தொகையையும் சேரும் முன்பே கணக்குப் போட்டுக் காட்டுங்கள்.