செடான் காரில் சத்தமா? ஒர்க்‌ஷாப்புக்குப் போகும் முன் நீங்களே கண்டுபிடிப்பது எப்படி

"வண்டியில சத்தம் வருது, பாருங்க" என்று மட்டும் சொல்லிச் சாவியைக் கொடுத்தால், பல இடங்களில் ஊகத்தில்தான் பார்ட் மாற்றுவார்கள். தேய்ந்திருப்பது லிங்க் ராட் என்ற சிறு கம்பியாக இருக்கும். பில்லில் இருப்பது இரண்டு சாக் அப்சார்பராக இருக்கும். வெளியே வந்து முதல் வேகத்தடையில் ஏறினால் அதே 'டொக்'. சத்தம் எப்படி இருக்கிறது என்பதைவிட அது எந்த நேரத்தில் வருகிறது என்பதுதான் பார்ட்டின் பெயரைச் சொல்லும்.

டிசையர், அமேஸ், ஆரா, சிட்டி, வெர்னா எல்லாமே முன்சக்கரத்தால் இழுபடும் வண்டிகள். முன்பக்கம் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் சாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்), பின்பக்கம் டார்ஷன் பீம் (இரண்டு பின்சக்கரங்களையும் இணைக்கும் குறுக்குச் சட்டம்). அதனால் கீழே உள்ள முறை எல்லாவற்றுக்கும் பொருந்தும். தேவையானவை: டார்ச், கிளவுஸ், வண்டியோடு வந்த ஜாக்கி, வீல் ஸ்பேனர், சக்கரத்துக்கு அணை கொடுக்க இரண்டு மரக்கட்டை, உதவிக்கு ஒரு ஆள்.

படி 1: டிக்கியைக் காலி செய்யுங்கள்

சிரிக்க வேண்டாம், இங்கேயே முடிந்துபோகும் புகார்கள் நிறைய. ஸ்டெப்னியை அழுத்தும் போல்ட் கையால் சுற்றும் அளவுக்குத் தளர்ந்திருக்கும். ஜாக்கி தன் இடத்தில் சரியாக இறுகாமல் இருக்கும். எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட்டு ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள். டிக்கியை ஓங்கி மூடும்போது 'சலசல' என்றால் பின் நம்பர் பிளேட். அதன் பின்னால் இரண்டு துண்டு ஃபோம் டேப் ஒட்டினால் போதும். பின் சீட் பெல்ட்டின் பக்கிள் கதவு ஓரத்தில் தட்டுவதும், டோர் பாக்கெட்டில் கிடக்கும் தண்ணீர் பாட்டிலும்கூட சஸ்பென்ஷன் புகாராக ஒர்க்‌ஷாப்புக்குப் போவதுண்டு.

வெயில் காலத்தில் கதவு ஓர ரப்பர் பீடிங் காய்ந்து 'கீச் கீச்' என்னும். சிலிக்கான் ஸ்ப்ரேயைத் துணியில் அடித்துத் துடையுங்கள். தேங்காய் எண்ணெய் தடவுகிறவர்கள் உண்டு. அது சென்னைத் தூசியை இழுத்துப் பிடித்துக்கொள்ளும், வேண்டாம்.

படி 2: எப்போது என்று எழுதுங்கள்

ஞாயிற்றுக்கிழமை காலை, ரோடு காலியாக இருக்கும்போது ஓட்டுங்கள். ஏசி, பாட்டு இரண்டையும் அணைத்துவிடுங்கள். பக்கத்து சீட்டில் இருப்பவர் எழுதட்டும்: எந்த வேகத்தில், பிரேக் பிடிக்கும்போதா, திருப்பும்போதா, மேடு பள்ளத்திலா, எஞ்சின் சூடாகும் முன்பா பின்பா.

எந்தப் பக்கம் என்று தெரியாவிட்டால் நீளமான காம்பவுண்டுச் சுவரை ஒட்டி, கண்ணாடியை இறக்கி, 20 கிலோமீட்டர் வேகத்தில் போங்கள். சுவர் சத்தத்தைத் திருப்பி அனுப்பும், இடது வலது தெளிவாகப் பிரியும். காலியான ரோட்டில் 50-60 வேகத்தில் ஒருமுறை நியூட்ரலுக்கு மாற்றுங்கள். சத்தம் மாறாமல் தொடர்ந்தால் சக்கரப் பக்கம். எஞ்சின் வேகத்தோடு சேர்ந்து அடங்கினால் எஞ்சின் பக்கம். இக்னிஷனை மட்டும் எக்காரணம் கொண்டும் அணைக்காதீர்கள். ஸ்டியரிங் கனமாகும், பிரேக் கல்லாகிவிடும்.

படி 3: பள்ளத்தில் 'டொக் டொக்'

மெட்ரோ வேலைக்கு வெட்டி மூடிய சாலைகளும், வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் பல்லைக் காட்டும் உட்சாலைகளும் சேர்ந்து, சென்னையில் அதிகம் வரும் புகார் இதுதான்.

மெதுவாகப் போகும்போது சின்னச் சின்ன மேடு பள்ளங்களில் வரிசையாக 'டொக் டொக்' என்றும், பெரிய வேகத்தடையை இரண்டு சக்கரமும் ஒன்றாக ஏறி இறங்கும்போது சத்தமே இல்லை என்றும் இருந்தால், முதல் சந்தேகம் லிங்க் ராட். ஒரு பக்கச் சக்கரம் மட்டும் ஏறும்போதுதான் ஸ்டெபிலைசர் பார் (இடது வலது சக்கரங்களின் சஸ்பென்ஷனை இணைக்கும் கம்பி) முறுக்கும். அதை ஸ்ட்ரட்டோடு இணைக்கும் லிங்க் ராடுக்கு வேலையும் அப்போதுதான். வேகத்தடையின் ஓரத்தில் ஒரு சக்கரத்தை மட்டும் ஏற்றிப் பாருங்கள். பிறகு சமதளத்தில் வண்டியை நிறுத்தி, ஸ்டியரிங்கை முழுக்க ஒரு பக்கம் திருப்பி, சக்கரத்துக்குப் பின்னால் கையை விட்டு, ஸ்ட்ரட்டில் மாட்டியிருக்கும் விரல் தடிமன் கம்பியைப் பிடித்து ஆட்டுங்கள். கையிலேயே 'கட கட' என்று ஆட்டம் தெரிந்தால் அதுதான். அதன் பால் ஜாயிண்ட்டை மூடிய ரப்பர் கிழிந்து, உள்ளே மழைத்தண்ணீரும் மண்ணும் போயிருக்கும். இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள். சாக் அப்சார்பர் விலையில் இது சிறு பங்குதான்.

பிரேக் போட்டதும் ஒன்று, ரிவர்ஸ் எடுத்ததும் ஒன்று என்று ஒற்றை 'டொக்' கேட்டால் லோயர் ஆர்ம் புஷ் (சக்கரத்தைக் கீழிருந்து பிடிக்கும் கையில் உள்ள ரப்பர் உருளை). டார்ச் அடித்துப் பாருங்கள்: ரப்பரில் விரிசல் இருக்கும், முன் டயரின் உள்விளிம்பும் அதிகம் தேய்ந்திருக்கலாம். மாற்றினால் வீல் அலைன்மெண்ட் கட்டாயம்.

சாக் அப்சார்பரைக் குறை சொல்லும் முன் சத்தம் வரும் மூலையில் பானெட்டை அழுத்தி விடுங்கள். எழுந்து ஒருமுறை அடங்கினால் சரி. தொட்டில் மாதிரி ஆடிக்கொண்டே இருந்தால் போய்விட்டது. சாக் அப்சார்பரின் உடம்பில் ஈரமாக எண்ணெய் வழிந்து தூசி அப்பியிருந்தாலும் அதே முடிவு.

அடுத்து லோயர் ஆர்மைச் சக்கரத்தோடு இணைக்கும் பால் ஜாயிண்ட். ஹேண்ட்பிரேக் போட்டு, பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்குங்கள். வண்டிக்கு அடியில் உடம்பை விடாதீர்கள். டயரை மேலும் கீழுமாகப் பிடித்து உள்ளே வெளியே ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் உதவியாளரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள்: ஆட்டம் நின்றுவிட்டால் வீல் பேரிங், நிற்காவிட்டால் பால் ஜாயிண்ட். இடம் வலமாகப் பிடித்து ஆட்டும்போது மட்டும் தெரிந்தால் டை ராட் எண்ட் (ஸ்டியரிங் கம்பியின் முனை).

படி 4: பிரேக்

மழை பெய்த மறுநாள் காலை முதல் சில பிரேக்கில் 'கரகர' என்பது டிஸ்க்கின் மேல் படிந்த துரு. பெசன்ட் நகர், திருவான்மியூர் மாதிரிக் கடற்கரை ஓரத்தில் நிற்கும் வண்டிகளில் இது சகஜம். நான்கைந்து பிரேக்கில் போய்விடும்; காசு செலவழிக்காதீர்கள்.

ஓடும்போது மெல்லிய 'கீச்' கேட்டால் பிரேக் பேட் தேய்ந்து அதன் எச்சரிக்கைத் தகடு டிஸ்க்கில் உரசுகிறது என்று அர்த்தமாக இருக்கலாம். புதிய பேட் சுமார் 10 மில்லிமீட்டர் இருக்கும். 3-க்கு வந்ததும் மாற்றிவிடுங்கள். அலாய் வீலின் இடைவெளி வழியாக டார்ச் அடித்தாலே வெளிப்பக்க பேட் தெரியும். உள்பக்க பேட் மட்டும் தேய்ந்திருந்தால் கேலிப்பர் (பேட்டை டிஸ்க்கில் அழுத்தும் பகுதி) நகர்வதற்கான பின் (pin) இறுகியிருக்கிறது. பின்னைச் சுத்தம் செய்து பிரேக்குக்கு உரிய கிரீஸ் போடாமல் புதிய பேட் மட்டும் மாட்டினால் மறுபடியும் அதே கதைதான்.

பிரேக்கைத் தொடாமலே திடீரென்று காது கூசும் 'கிரீச்' வந்தால், பெரும்பாலும் ஜல்லிச் சில்லு ஒன்று டிஸ்க்குக்கும் அதன் பின்னால் உள்ள தகட்டுக்கும் நடுவே மாட்டியிருக்கும். கொஞ்சம் ரிவர்ஸ், கொஞ்சம் முன்னால் என்று நகர்த்தினாலே விழுந்துவிடும். விழாவிட்டால் சக்கரத்தைக் கழற்றி, தகட்டை ஸ்க்ரூ டிரைவரால் லேசாக நெம்பி எடுங்கள்.

படி 5: வேகத்தோடு ஏறும் 'ஊம்ம்'

டயரா, பேரிங்கா? சாலையின் பரப்பு மாறும்போது சத்தம் மாறினால் டயர். வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலை மாதிரி நீளமான இடத்தில், முன்னும் பின்னும் வண்டி இல்லாதபோது லேசாக இடம் வலம் ஆட்டுங்கள். வலப்பக்கம் வளைக்கும்போது பாரம் இடப்பக்கம் சாயும். அப்போது சத்தம் கூடினால் இடப்பக்க பேரிங் என்று எடுத்துக்கொள்ளலாம். தேங்கிய மழைநீரில் ஓட்டிய வண்டிகளில் சில மாதம் கழித்து இது தலைகாட்டும். டயரில் சந்தேகம் என்றால் முன்னது பின்னது மாற்றிப் போடுங்கள். சத்தமும் இடம் மாறினால் தீர்ந்தது.

படி 6: திருப்பும்போது

ஸ்டியரிங்கை முழு லாக்கில் (முடிகிற வரை) திருப்பி ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போது 'டிக் டிக் டிக்' என்றால் ஆக்சில் ஜாயிண்ட். ரிம்மின் உள்பக்கம் கறுப்பாகக் கிரீஸ் தெறித்திருக்கும். சத்தம் வரும் முன்பே பூட் (ஜாயிண்ட்டை மூடிய ரப்பர் உறை) கிழிந்ததைக் கவனித்தால் பூட்டும் கிரீஸும் மட்டும் மாற்றித் தப்பிக்கலாம். நின்ற இடத்தில் ஸ்டியரிங் திருப்பும்போது ஸ்பிரிங் துள்ளுகிற மாதிரி 'டங்' என்றால் ஸ்ட்ரட்டின் மேல்முனையைத் தாங்கும் ஸ்ட்ரட் மவுண்ட்.

படி 7: பானெட்டுக்குள்

காலையில் ஸ்டார்ட் செய்ததும், அல்லது ஏசி போட்டதும் 'கீ…' என்று கத்துவது பெல்ட். எஞ்சின் ஓடும்போது, கையையும் துப்பட்டாவையும் தள்ளி வைத்துக்கொண்டு, பெல்ட்டின் பள்ளப் பக்கத்தில் கொஞ்சம் தண்ணீர் பீய்ச்சுங்கள். சத்தம் அடங்கி மறுபடி வந்தால் புல்லி நேர்கோட்டில் இல்லை. கூடினால் பெல்ட் தளர்ந்து வழுக்குகிறது. பெல்ட்டில் அடிக்கும் ஸ்ப்ரே எதுவும் வேண்டாம்.

ஐடிலில் மட்டும் தகரம் அதிர்ந்தால் சைலன்சருக்கு மேலே உள்ள ஹீட் ஷீல்ட். எஞ்சின் முழுக்க ஆறிய பிறகு தட்டிப் பாருங்கள். ஸ்டெயின்லெஸ் ஹோஸ் கிளிப் போட்டு இறுக்கலாம். ஏசி புளோயரில் 'சரசர' என்றால் குளோவ் பாக்ஸுக்குப் பின்னால் கேபின் ஃபில்டரைக் கழற்றுங்கள். வேப்பமரத்தடியில் நிறுத்துகிறவர்களுக்கு உள்ளே ஒரு கைப்பிடி இலை கிடைக்கும். எஞ்சினில் 'டிக் டிக்' கேட்டால் முதலில் டிப் ஸ்டிக்கை உருவி ஆயில் அளவைப் பாருங்கள்.

பார்ட் வாங்கும்போது

சென்னையில் புதிய பார்ட்டுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு. பழைய பார்ட் விற்கும் புதுப்பேட்டையில் கதவுக் கைப்பிடி, கண்ணாடி, டிரிம் மாதிரிப் பொருட்களை வாங்கலாம். ரப்பர் உள்ள எதையும், பிரேக் சம்பந்தப்பட்ட எதையும் பழையதாக வாங்காதீர்கள். ஒர்க்‌ஷாப்பில் ஜாப் கார்டில் "20 வேகத்தில், இடது முன், ஒரு சக்கரம் ஏறும்போது" என்று எழுதச் சொல்லுங்கள். கழற்றிய பழைய பார்ட்டைக் கேட்டு வாங்கி ஆட்டிப் பாருங்கள்.

பிரேக்கில் இரும்போடு இரும்பு உரசும் சத்தம், மேலும் கீழும் ஆடும் பால் ஜாயிண்ட், சக்கரத்தைக் கழற்றி மாட்டிய பிறகு புதிதாக வரும் 'தட தட' – இந்த மூன்றிலும் வண்டியை ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். கடைசியாகச் சொன்னதற்கு வீல் நட்டை அங்கேயே இறுக்கிவிட்டுக் கிளம்பலாம். மற்ற இரண்டுக்கும் டோவிங் வண்டியைக் கூப்பிடுங்கள்.